சக்கரம் சறுக்கும் கணம்

ஓடும் வண்டியை நிறுத்தச் சக்கரத்தை இறுகப் பற்றி நிறுத்திவிட்டால் போதும் என்று நம்மிற் பெரும்பாலோர் எண்ணுகின்றோம். அஃது உண்மையன்று. சக்கரம் அடியோடு நின்றுவிட்டால், வண்டி பெரும்பாலும் நிற்பதற்கு மாறாகச் சறுக்கிக்கொண்டே போகிறது. இதனை அளந்து மெய்ப்பித்த வரலாறு மோட்டார் வண்டியில் தொடங்கவில்லை. இரயில் பாதையில் தொடங்கிற்று.

1878-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரை அடுத்த இருப்புப் பாதையில், காப்டன் டக்ளஸ் கால்ட்டனும், காற்றுப் பிரேக்கால் பெயர் பெற்ற அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுசும் பல சோதனைகள் நடத்தினர். தனியே அமைத்த வண்டியொன்றில் கருவிகளைப் பொருத்தி, பிரேக்குக் கட்டை சக்கரத்தை எவ்வளவு பற்றுகிறது, வண்டி எவ்வளவு தடைப்படுகிறது என்று அளந்தனர். உருளும் சக்கரம் சறுக்கத் தொடங்கும் தறுவாயில்தான் தடை மிகுதியாக இருந்தது. சறுக்கியதும் அது வெகுவாகக் குறைந்துபோயிற்று. வேகம் குறையக் குறையக் கட்டையின் பிடி மிகுந்தது என்பதையும் கண்டனர். ஆகவே, முதலில் பொருத்தமாயிருந்த அழுத்தமே பின்னர்ச் சக்கரத்தை நிறுத்திவிடக் கூடியது.

நான் பள்ளியில் பௌதிகம் கற்பித்த காலத்தில், மேசைமேல் ஒரு செங்கல்லை வைத்து வில்தராசினால் மாணாக்கரை இழுக்கச் சொல்வது வழக்கம். கல் அசையும் முன்னர் முள் ஏறிக்கொண்டே போகும். அசைந்ததும் சற்றே இறங்கிவிடும். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய அசையாத செங்கல்லைப் போன்றது. நின்றுவிட்ட சக்கரமோ இழுபடும் செங்கல். அதைவிடக் கொடிது ஒன்றுண்டு: சறுக்கும் முன்சக்கரத்தை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி தான் போன போக்கிலேயே போகும்.

இக்குறைக்கு முதலில் அஞ்சியவர்கள் விமானம் அமைப்போர். தரையைத் தொட்ட கணத்தில் விமானத்தின் எடையில் ஒரு பங்கை இறக்கைகளே இன்னும் தாங்கி நிற்கும். சக்கரங்களின்மேல் சுமை குறைவு. எனவே சற்று அழுத்தினாலும் அவை நின்றுவிடும். டயர் தேய்ந்து வெடிக்கும். வெகு தொலைவு முன்னே அமர்ந்திருக்கும் விமானி இதனை உணரவும் மாட்டார். 1950-களில் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனம் ‘மாக்ஸரெட்’ என்ற கருவியை இதற்கென விமானங்களில் பொருத்திற்று. அதனுள் சக்கரத்தால் சுழற்றப்படும் கனத்த உருளை ஒன்று உண்டு. சக்கரம் மெல்ல வேகம் குறைந்தால் உருளையும் உடன் குறையும். சக்கரம் திடீரெனத் தளர்ந்தால், உருளை தன் கனத்தினால் முந்திச் சுழன்று, ஒரு சுருள்வில்லை எதிர்த்துத் தள்ளி, வால்வைத் திறக்கும். பிரேக்கின் அழுத்தம் தணியும். சக்கரம் மீண்டும் உருளும். உடனே அழுத்தம் திரும்பும். மின்சாரமுமில்லை, கணக்குமில்லை; ஓர் இரும்பு உருளையின் பிடிவாதமே அங்கு தீர்ப்பு வழங்கிற்று.

1958-இல் இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சி நிலையத்தார் இக்கருவியை ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஒன்றில் பொருத்திச் சோதித்தனர். வழுக்கும் சாலையிலும் அது நற்பயன் தந்தது. எனினும் விற்பனைக்கு வரவில்லை. 1966-இல் வெளிவந்த ஜென்சன் எப்.எப். என்ற கார் அதனை ஏற்றுக்கொண்டது. அந்தக் கார் சில நூறு மட்டுமே செய்யப்பட்டது. போஷ் நிறுவனத்தின் மின்னணுக் கருவி 1978-இல் மெர்சிடிஸ் கார்களில் இடம்பெற்ற பின்னரே, ஏ.பி.எஸ். என்ற மூன்றெழுத்து உலகிற் பரவலாயிற்று.

மின்னணுக் கருவி எப்படித் தீர்மானிக்கிறது? சக்கரத்தோடு சுழலும் பல்வளையம் ஒன்றும், அருகே அப்பற்களை எண்ணும் உணர்வியும் உண்டு. ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 20 மீட்டர். நல்ல உலர்ந்த சாலையிலும் ஒரு காரின் வேகம் விநாடிக்கு விநாடி 10 மீட்டருக்கு மேல் அதிகமாகக் குறைய இயலாது. டயரின் பிடி அவ்வளவே. ஒரு சக்கரத்தின் வேகம் விநாடிக்கு 30 மீட்டர் வீதம் சரிவதாக எண்ணிக்கை காட்டினால் என்ன பொருள்? வண்டி அப்படிக் குறைந்திருக்க இயலாது. சக்கரம் மட்டும் நிற்கப்போகிறது என்பதே. உடனே கருவி அழுத்தத்தை மேலும் ஏறவிடாமல் தடுக்கும்.

மற்றொரு சான்றையும் அது கேட்கும். வண்டி 20 மீட்டரிலும் சக்கரம் 17 மீட்டரிலும் ஓடினால் நழுவல் நூற்றுக்குப் 15. உலர்ந்த சாலையில் ஏறக்குறைய 10 முதல் 20 வரையில்தான் பிடி மிகுதி. அதனைக் கடந்தால் அழுத்தம் குறைக்கப்படும். சக்கரம் வேகம் பெற்றதும் மீண்டும் ஏற்றப்படும். ஒரு விநாடியில் பன்முறை இது நிகழும். ஆயின், வண்டியின் வேகத்தை நேராகக் காட்டும் கண் கருவிக்கு இல்லை. நான்கு சக்கரங்களில் விரைவாகச் சுழல்வதைச் சான்றாகக் கொண்டு, வண்டியால் இயலாத வீதத்தில் அக்கணக்கு இறங்கவும் விடாமல், வேகத்தை அது ஊகிக்கிறது. நன்னூற் பாடம் கேட்ட எனக்கு, இந்த ஊகம் இலக்கண நுட்பத்திற்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

அப்போது காலடியில் பெடல் அதிர்வது இயல்பு. பழுதென்று அஞ்சிக் காலை எடுப்பவர் கருவியின் உதவியை இழக்கிறார். சரளைக் கல்லிலும் புதுப்பனியிலும் நிற்கும் தொலைவு சற்று நீளவும் கூடும்; நின்ற சக்கரம் தன்முன் குவிக்கும் கரையே அங்குத் தடையாவதுண்டு. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாடகைக் கார்களை ஆராய்ந்தவர்கள், இக்கருவியுள்ள கார்களுக்கு விபத்து குறையவில்லை என்று கண்டனர். ஓட்டிகள் துணிந்து விரைந்தனராம்!

நம் நாட்டில் 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஞ்சினுள்ள இருசக்கர வண்டிகள் அனைத்திற்கும் 2019 ஏப்ரல் முதல் இக்கருவி கட்டாயமாயிற்று. அதற்குட்பட்ட வண்டிகளுக்கு, இரு சக்கரங்களையும் ஒருங்கே பற்றும் இணைப்புப் பிரேக்கு இருந்தாலே போதும் என அவ்விதி விட்டது. எனக்கு அதில் நிறைவில்லை. மழை நாளில் குழந்தைகளை முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு பள்ளிவாயிலில் வந்து நிற்கும் தந்தையர் பலரும் ஓட்டுவன அச்சிறு வண்டிகளே.