ராத்திரிச் சீட்டிலிருந்து பிசிசி வரை

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் தங்கை வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். தங்கை மாப்பிள்ளை கனடாவுக்குப் பி.ஆர். போடுகிறார். அதற்கான பிசிசி, அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் விசாரணைதான். அஞ்சு நிமிஷத்தில் முடிந்தது. அவர் போனதும் எதிர்வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டு, "என்னப்பா கேஸு?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் பாட்டியின் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

திருச்சிக்குத் தெற்கே, மதுரைப் பக்கம் போவோம். வட இந்தியாவில் 1871-ல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறிப்பிட்ட சாதியில் பிறந்தாலே போதும், பெயரைப் பதிய வேண்டும், கைரேகை வைக்க வேண்டும். அதனால் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பிரமலைக் கள்ளர் ஊர்களில் ஆண்கள் இரவில் காவல்துறை கண்ணில் படும்படி படுக்க வேண்டியிருந்தது. வெளியூர் போக ‘ராத்திரிச் சீட்டு’ வாங்கணும். பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது; ஒரு பெண் உட்படப் பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் இந்தச் சட்டம் ஒழிந்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் ரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்றது அரசு. 1908 ஆகஸ்ட் 16-ல் ஜோகன்னஸ்பர்க் மசூதி முன்பு காந்தி தலைமையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளைக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை போனவர்களில் தமிழர்கள் ஏராளம்.

சரி, சுதந்திரத்துக்கு அப்புறம்? பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பமாகவே இருந்தது. சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு போவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடக்கம் என்றது. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம்! அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் வந்தது. எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்று அதில் பட்டியலே இருக்கிறது. ஒன்று, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது. 1993-ல் வந்த அறிவிக்கை அதற்கும் ஒரு வழி திறந்தது: அந்த நீதிமன்றமே அனுமதித்தால் போகலாம்.

இப்போது கேட்பவர் நம் அரசு மட்டுமில்லை. கடந்த பத்து வருஷத்தில், 18 வயசுக்குப் பிறகு, தொடர்ந்து ஆறு மாசமோ அதுக்கு மேலயோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்றிதழ் கேட்கிறது கனடா. மாப்பிள்ளை சிங்கப்பூரில் நாலு வருஷம் வேலை பார்த்தவர். ஆக அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று. இங்கே பாஸ்போர்ட் அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டணம்.

கைக்கு வந்ததும் படித்துப் பார்த்தேன். "இவர் நல்லவர்" என்று எங்கேயும் இல்லை. பயணத்துக்குத் தடையாகிற பாதகமான தகவல் எதுவும் இவர் மேல் இல்லை, அவ்வளவுதான். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், டேட்டாபேஸில் தேடினோம், பூஜ்யம் வரிகள் வந்தன. அதற்கு மேல் அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. தப்பு செய்து மாட்டாதவனுக்கும் இதே காகிதம்தான். வாய்க்கால் தகராறில் பங்காளி கொடுத்த பொய்ப் புகார் கோர்ட் வரைக்கும் போய்விட்டால், யோக்கியனுக்கும் சிக்கல்தான்.

ஆனாலும் ராத்திரிச் சீட்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அன்றைக்குப் பிறப்பைப் பார்த்தார்கள். இன்றைக்கு அந்த ஆளின் பதிவைப் பார்க்கிறார்கள். பதிவு தப்பாக இருந்தால் கோர்ட்டுக்குப் போய்த் திருத்தலாம். பிறப்பை எந்தக் கோர்ட்டில் திருத்துவது?

பாட்டியிடம், "கேஸே இல்லேன்னு எழுதிக் கொடுக்கத்தான் வந்தார்" என்றேன். "கேஸு இல்லாதவனுக்கு எதுக்குடா சீட்டு?" என்றார்.

இதுவரைக்கும் பதில் தோணலை.