ஓடுங்கால் மொழிபெயர்க்கும் பொறி

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையில் அமைந்த ஊர் குருக்கள்மடம். எதிர்க்கரையில் உள்ளது அம்பிளாந்துறை. எழுவான்கரையையும் படுவான்கரையையும் இவ்விடத்தில் நெடுங்காலம் இணைத்து வந்தது மிதவைப் படகு. அதனை அவ்வூரார் 'பாதை' என்றே வழங்குவர்.

பாதை செலுத்துவோன் ஒருவனை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஏறுவது நெல்மூடையா, மாடா, துவிச்சக்கர வண்டியா என ஒவ்வொரு முறையும் நோக்கியே அவன் இடம் வகுத்தல் வேண்டும். ஆயின், வைகறைதோறும் நெல்மூடைகளே வருமாயின், அவற்றிற்கு ஏற்ற இடத்தை முன்னரே ஒழித்து வைப்பான். வந்தபின் ஒருமுறை கண்ணால் நோக்கி உறுதிசெய்தல் போதும். கணினி அறிஞர் கண்ட அரிய உபாயம் ஒன்று இதனையே ஒத்தது.

கணினிக்கு மனிதர் எழுதும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். அதனைப் பொறியின் மொழிக்கு முழுவதும் முன்னதாகவே பெயர்த்து வைக்கலாம். நீதிமன்றத் துவிபாஷியைப் போல வரிவரியாகவும் பெயர்க்கலாம். முன்னதில் ஓட்டம் விரைவு. பின்னதில் தாமதம் மிகுதி. இரண்டிற்கும் இடைப்பட்டது, ஓடும்போதே வேண்டிய பகுதியைப் பெயர்த்துக்கொள்ளும் முறை. 1968ஆம் ஆண்டிலேயே கென் தொம்சன் என்பார், எழுத்துக் கோவைகளைத் தேடுவதற்கு இம்முறையைக் கையாண்டார்.

இங்கே எழும் இடர் வகை பற்றியது. 'அவன் வந்தது' எனின் நம் இலக்கணத்தார் திணைவழு என்பர். எண்ணையும் பெயரையும் கூட்டச் சொல்வது கணினிக்கு அத்தகைய வழு. சில மொழிகள் நிரல் ஓடுமுன்னரே இதனைக் கண்டு தடுக்கும். வேறு சில, எழுதுவோனுக்குச் சுதந்திரம் அளித்து, ஓடும்போதே சோதிக்கும். அச்சுதந்திரத்திற்கு விலை உண்டு: ஒரு கூட்டலைச் செய்யுமுன், வந்தவை முழு எண்களா, பின்னங்களா, சொற்களா என ஒவ்வொரு முறையும் வினவ வேண்டும். இலட்சம் முறை சுழலும் கணக்கில் இலட்சம் வினாக்கள்.

சிரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஸ்மோல்டோக் இவ்வாறான மொழி. 1984இல் பீற்றர் டொயிச்சும் அலன் ஷிப்மனும் அதற்கு ஒரு வழி கூறினர். நிரலின் ஓரிடத்துக்குச் சென்ற முறை வந்த வகையே பெரும்பாலும் மறுமுறையும் வருகின்றது. ஆகவே முந்திய விடையை அவ்விடத்திலேயே குறித்துவைத்து, வகை மாறவில்லை என்பதை மட்டும் சோதித்தால் போதும் என்றனர். எளிய கருத்துத்தான், இதன் மேலேயே பின்வந்த கட்டடம் முழுவதும் எழுந்தது எனல் மிகையன்று.

டேவிட் உங்கரும் றண்டல் ஸ்மித்தும் வகுத்த செல்ப் என்னும் மொழியில் இது மேலும் வளர்ந்தது. ஓரிடத்துக்குப் பல வகைகள் வரினும் அவற்றை நிரைப்படுத்தி வைக்கும் முறையை 1991இல் ஊர்ஸ் ஹொல்ஸ்லே, கிரெய்க் சேம்பர்ஸ், உங்கர் ஆகியோர் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு வந்ததே மிக நுட்பமானது. விரைவாக்கிய நிரல் பிழைதேடுவோர்க்கு விளங்காததால், ஓட்டத்தின் நடுவே அதனைப் பழைய எளிய வடிவத்திற்கு மீட்கும் வழியை ஹொல்ஸ்லேயும் துணைவரும் கண்டனர். பிழைதேடுவோர் பொருட்டுப் பிறந்த அவ்வழி பின்னர் விரைவுக்கே அரணாயிற்று. 'இங்கு எண்ணே வரும்' எனப் பொறி துணிந்து ஊகிக்கலாம். ஊகம் பொய்த்தால் பின்வாங்க இடம் உண்டு. நெல்மூடைக்கு ஒழித்த இடத்திற்கு மாடு வந்தால், பாதை கவிழ வேண்டியதில்லை அன்றோ?

இவ்வறிவே 1999இல் ஜாவா மொழிக்கான ஹொட்ஸ்பொட் பொறியிலும், 2008இல் குரோம் உலாவியோடு வெளிவந்த வீ-எய்ட் பொறியிலும் புகுந்தது. செல்ப் குழுவில் உழைத்த லார்ஸ் பாக் இவ்விரண்டிலும் முன்னின்றார்.

இலங்கைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. சஞ்சீவ வீரவர்ண முதலானோர் 2005இல் தொடங்கிய டபிள்யூ-எஸ்-ஓ-டூ நிறுவனம், பாலெரினா என்னும் நிரல்மொழியை 2017இல் அறிவித்து, அதன் முதற் பதிப்பை 2019இல் வெளியிட்டது. இம்மொழி வகைகளைப் பெயரால் அன்றி வடிவால் ஒப்பிட்டு, ஓடுமுன்னரே பெரும்பாலும் சரிபார்க்கின்றது. பின் அதன் நிரல் ஜாவாப் பொறிக்குரிய கட்டளைகளாகப் பெயர்க்கப்படும். அப்பொறியோ, மேலே நடந்த சோதனையோடு அமையாது, ஓடும்போது வருவன எவை எனத் தானும் கவனித்தே விரைவாக்குகின்றது. வெளியே ஒரே வடிவினவாய்த் தோன்றும் இரு பொருள்கள் உள்ளே வேறு அமைப்பினவாய் இருத்தல் கூடும்.