கிள்ளான் பள்ளத்தாக்கில் உளவியல் பட்டப்படிப்பு

மலேசியாவில் உளவியலை இளங்கலைப் பட்டமாகப் படிக்க விரும்புவோருக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கே முதன்மையான இடம். கோலாலம்பூரும் அதைச் சூழ்ந்த சிலாங்கூர் நகரங்களும் சேர்ந்த இந்த வட்டாரத்தில்தான் நாட்டின் முதல் உளவியல் துறை தொடங்கியது. உளவியல் கற்பிக்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும், பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கும் அரசுத் துறைகளும் நிறுவனங்களும் இங்கேயே குவிந்திருக்கின்றன. படிப்பு பொதுவாக மூன்றாண்டு. அதை முடித்தவர் உளவியல் பட்டதாரி ஆகிறார். ஆனால் மனநோய்க்குச் சிகிச்சை தரவும் கவுன்சலிங் நடத்தவும் அந்தப் பட்டம் மட்டும் உரிமை தராது. சேரும்போதே தெரிந்திருக்க வேண்டிய இந்தச் செய்தி பல வீடுகளில் மூன்றாம் ஆண்டில்தான் தெரியவருகிறது.

வரலாறு

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வுக்கூடம் அமைத்தது 1879-இல். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1979-இல், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் உளவியல் துறையைத் தொடங்கியது. யூ.கே.எம். என்று எல்லாரும் அழைக்கும் அப்பல்கலைக்கழகம் 1970-இல் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அதிக தூரமில்லாத லெம்பா பந்தாயில் தற்காலிகக் கட்டடங்களில் பிறந்து, 1977-இல் பாங்கிக்குக் குடிபெயர்ந்திருந்தது. அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 1990-இல் உளவியல் துறையை ஏற்படுத்தியது. 1996-இல் தனியார் உயர்கல்வி நிலையச் சட்டம் வந்த பிறகு கதவு அகலத் திறந்தது. டாமன்சாராவில் வளர்ந்த ஹெல்ப், பண்டார் சன்வேயில் சன்வேயும் மொனாஷ் மலேசியாவும், சுபாங் ஜெயாவில் டெய்லர்ஸ், சேராஸில் யூ.சி.எஸ்.ஐ., செமினியில் நோட்டிங்ஹாம் மலேசியா என்று பட்டியல் நீள்கிறது.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு மனம் சார்ந்த மருத்துவம் என்றாலே ஒரே ஓர் ஊர்ப்பெயர்தான்: பேராக்கில் உள்ள தஞ்சோங் ரம்புத்தான். 1911-இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனை இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை எனப்படுகிறது. ஊர்ப்பெயர் மட்டும் வசைச்சொல்லாகவே தங்கிவிட்டது. மகள் உளவியல் படிக்கப் போகிறாள் என்றதும் “பைத்தியக்காரர்களோடவா வேலை?” என்று உறவினர் கேட்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

சேர்க்கையும் பாடங்களும்

பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு பட்டப்படிப்பில் சேர முடியாது. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், ஏ-லெவல், டிப்ளமோ, அல்லது தனியார் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஓராண்டு அடிப்படைப் படிப்பு போன்றவற்றில் ஒன்று இடையில் வேண்டும். அரசுப் பல்கலைக்கழக இடத்துக்கு யூ.பி.யூ. என்ற மைய விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் குறைவு, போட்டி கடுமை. தனியாரில் மொத்தச் செலவு பல பத்தாயிரம் ரிங்கிட். 1997-இல் உருவான அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். தரும் கடனே பல குடும்பங்களுக்கு ஊன்றுகோல். சேருமுன், படிப்பு மலேசியத் தகுதி முகமையான எம்.க்யூ.ஏ.வின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துவிட வேண்டும். நோட்டிங்ஹாமின் பட்டத்துக்குப் பிரிட்டிஷ் உளவியல் கழகத்தின் அங்கீகாரமும், மொனாஷுக்கு ஆஸ்திரேலிய அங்கீகாரமும் உண்டு. வெளிநாட்டில் தொடர நினைப்பவருக்கு அவை பயன்படும். உள்நாட்டிலேயே வேலை தேடுபவர் அதற்காகக் கூடுதல் பணம் கொட்ட வேண்டியதில்லை.

வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், ஆளுமை, மூளையும் நடத்தையும், பிறழ்நிலை உளவியல் ஆகியவை எங்கும் உண்டு. மனிதர்களைப் புரிந்துகொள்ளும் ஆசையில் வருபவர்களை முதலில் மிரட்டுவது புள்ளியியல். ஆய்வுமுறையும் புள்ளியியலும் இல்லாமல் இந்தப் பட்டம் இல்லை. இறுதியாண்டு ஆய்வேட்டில் தரவு திரட்டி, கணினியில் அலசி, முடிவை எழுதித் தர வேண்டும். கணக்குக்குப் பயந்து உளவியலுக்கு ஓடிவருவது வீண்.

யூ.கே.எம்.மில் பாடம் பெரிதும் மலாயில், தனியாரில் ஆங்கிலத்தில். வீட்டிலிருந்து போய்வர நினைப்பவர்களுக்கு ரயில் கைகொடுக்கிறது: பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் கொமியூட்டர் ஏறினால் யூ.கே.எம். பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. கிள்ளானில் ஏறுபவர் செத்தியா ஜெயாவில் இறங்கி பி.ஆர்.டி. பேருந்து பிடித்தால் சன்வேயும் மொனாஷும் வந்துவிடும்.

பட்டத்துக்குப் பின்

இங்கே இரண்டு சட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டம். இதன்படி மலேசியக் கவுன்சலர் வாரியத்தில் பதிந்து, தொழில் நடத்தும் சான்றிதழும் பெற்றவர் மட்டுமே தம்மைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவுக்கு வாரியம் ஏற்ற கவுன்சலிங் பட்டம் வேண்டும். உளவியல் பட்டம் அதற்கு ஈடாகாது. பள்ளியிலோ நலநிலையத்திலோ கவுன்சலராக வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தவர் மலாயாப் பல்கலைக்கழகம், செர்டாங்கின் புத்ரா பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமின் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் போன்றவற்றின் கவுன்சலிங் பட்டத்தில் நேரடியாகச் சேர்வது நல்லது. (தஞ்சோங் மாலிம், கிள்ளான் கொமியூட்டர் தடத்தின் மறுகோடி.) உளவியல் முடித்துவிட்டு மனம் மாறினால் கவுன்சலிங்கில் முதுகலை செய்ய வேண்டிவரும்.

இரண்டாவது, 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம். 2020 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தில் மருத்துவ உளவியலாளரும் அடக்கம். மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு மருத்துவ உளவியலில் முதுகலை தேவை. யூ.கே.எம்., ஹெல்ப், யூ.சி.எஸ்.ஐ. முதலியவை அதை நடத்துகின்றன. இடங்கள் குறைவு, மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் மணிநேரங்கள் அதிகம். மனநல மருத்துவர் இவர்களிலிருந்து வேறு: மருத்துவப் பட்டம் பெற்று, மனநலத்தில் சிறப்புப் பயிற்சி முடித்து, மருந்து எழுதும் தகுதியுடையவர். இந்த மூவரையும் ஒருவராகக் குழப்பிக்கொள்வது பெற்றோரிடம் மட்டுமல்ல, பத்திரிகைகளிலும் காணப்படுகிறது.

முதுகலைக்குப் போகாத பெரும்பான்மையினருக்கும் வழிகள் உண்டு. பொதுச் சேவைத் துறை, சிறைச்சாலைத் துறை, சமூகநலத் துறை, போதைப்பொருள் ஒழிப்புக்கான ஏ.ஏ.டி.கே. ஆகியவற்றில் உளவியல் அதிகாரி பணி உண்டு. தேர்வும் காத்திருப்பும் அதோடு வரும். ஷா ஆலாம், கிள்ளான் துறைமுகம் பக்கம் உள்ள தொழிற்சாலைகளும் கோலாலம்பூர் வங்கிகளும் மனிதவளப் பிரிவுக்கு ஆள் எடுக்கின்றன. அங்கே அந்தப் புள்ளியியல் பாடம் எதிர்பாராமல் கைகொடுக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான தனியார் நிலையங்களில் சிகிச்சை உதவியாளராகவோ, வகுப்பில் ஒரு குழந்தையின் அருகிலிருந்து உதவும் “ஷேடோ” ஆசிரியராகவோ சேர்பவர் பலர். சம்பளம் பெரிதில்லை, ஆனால் நூலில் படித்த வளர்ச்சிக் கட்டங்கள் கண்முன் நகர்வதைப் பார்க்கும் வாய்ப்பு அதில்தான்.

தமிழ் பேசும் உளவியலாளரின் தேவை

தேசியச் சுகாதார, நோயுற்றநிலை ஆய்வின்படி 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு, 2023-இல் 4.6 விழுக்காடாகியது, ஏறத்தாழ பத்து லட்சம் பேர். தமிழருக்கு இதில் தனிக் கவலை உண்டு. யூ.கே.எம். மனநல மருத்துவர் டி. மணியம், கேமரன் மலையில் தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் ஆராய்ந்து 1988-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை, மக்கள்தொகையில் இந்தியரின் பங்கைவிட அவற்றில் அவர்களின் பங்கு மிக அதிகம் என்று காட்டியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல்தான் நீக்கப்பட்டது.

தோட்டத்திலிருந்து கிள்ளானின் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்த குடும்பத்தின் பாட்டி “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கமில்லை, நெஞ்சு அடைக்கிறது, யாரோ என்னவோ செய்துவிட்டார்கள் என்பார். அதற்கு முன்பே கோவிலிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதை ஜோதிடரிடமும் கேட்டிருப்பார். ஆங்கிலத்தில் படித்த மாணவர் அந்தப் பேச்சை நோய்க்குறியாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாதியைத் தவறவிடுவார். சோதனைத் தாள்களிலும் இதே சிக்கல். ரம்லி மூசா குழுவினர் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஆகியவற்றை அளக்கும் டாஸ்-21 வினாத்தாளை மலாயில் தந்து மலேசியரிடையே சரிபார்த்தார்கள். தமிழ்நாட்டில் தரப்படுத்திய ஒரு வினாத்தாளை அப்படியே கிள்ளானில் கொடுத்து மதிப்பெண் போடுவது அதற்கு ஈடாகாது. மொழி ஒன்றாயினும் வாழ்க்கை வேறு. தமிழறிந்த மாணவர் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால் இந்த வெற்றிடம் எதிரிலேயே இருக்கிறது.

படிக்கும்போதே செய்யக்கூடியது ஒன்றுண்டு. 1970-இல் கோலாலம்பூரில் தொடங்கிய பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு இருபத்து நான்கு மணிநேரமும் தொலைபேசியில் அழைப்பவர்களுக்குச் செவிகொடுக்கிறது; தமிழிலும் பேசலாம். தொண்டர்களுக்கு அந்த அமைப்பே பயிற்சி தருகிறது. அங்கே கழித்த இரவுகள் கவுன்சலர் பதிவுக்கோ மருத்துவ உளவியல் மணிநேரத்துக்கோ கணக்கில் வராது. இருந்தும், இந்தத் தொழிலுக்கு வேண்டிய பொறுமை தம்மிடம் இருக்கிறதா என்பதை முதுகலைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அங்கு தெரிந்துகொள்ளலாம்.