தரங்கம்பாடியில் அச்சான ஏழு நூல்கள்

நமது விவிலியத்தின் 73 நூல்களுள் தோபித்து, யூதித்து, சீராக் முதலிய ஏழு நூல்கள் யூதரின் எபிரேயத் திருமுறையில் இல்லை. எழுபதின்மர் கிரேக்கப் பெயர்ப்பின் வழியே திருச்சபைக்கு வந்தவை. அவை நமக்கே உரியவை என எண்ணிவிடுகிறோம். ஆனால் திருவந்திபுரத்திலிருந்து சிதம்பரம் கடந்து தெற்கே சென்றால் வரும் தரங்கம்பாடியில் நடந்தது வேறு. பழைய ஏற்பாட்டை ரூத்து வரை தமிழாக்கிய லூத்தரன் போதகர் சீகன்பால்கு 1719இல் மறைந்தார். எஞ்சியதை முடித்த சூல்ட்சே, 1728இல் இந்நூல்களையும் அச்சேற்றினார். லூத்தரே இவற்றைத் திருமுறைக்கு நிகராகக் கொள்ளாவிடினும், வாசிக்க ஏற்றவை என்று தமது 1534ஆம் ஆண்டு விவிலியத்தில் சேர்த்திருந்தார்.

சூல்ட்சேயின் தமிழ் கரடுமுரடானது என்பர். சீராக் நூலின் முன்னுரையிலோ, பாட்டனாரின் எபிரேயத்தைக் கிரேக்கத்தில் தந்த பேரன், தம் பெயர்ப்பின் குறைகளைப் பொறுத்தருளுமாறு வாசகரை வேண்டுகிறார்.