சிறுநீரக நோயும் நிரப்புப் புரதங்களும்: சி3, சி4 பரிசோதனையைப் புரிந்துகொள்ளுதல்

சிறுநீரில் இரத்தம் அல்லது புரதம் வெளியேறுபவர்களுக்கும், முகமும் கால்களும் வீங்கிய நிலையில் வரும் குழந்தைகளுக்கும் சி3, சி4 என்னும் இரத்தப் பரிசோதனைகள் பரிந்துரைக்கப்படுவதுண்டு. இவை ‘காம்ப்ளிமென்ட்’ எனப்படும் நிரப்புப் புரதங்களின் அளவைக் காட்டுகின்றன. இப்பரிசோதனை எதை உணர்த்துகிறது, உடல்நிலை தேறிய பின்னரும் அதை ஏன் மீண்டும் செய்ய வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

நிரப்பு மண்டலம் என்றால் என்ன?

நமது இரத்தத்திலும் செல்களின் மேற்பரப்பிலும் 30-க்கும் மேற்பட்ட நிரப்புப் புரதங்களும் அவற்றைக் கட்டுப்படுத்தும் புரதங்களும் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகின்றன. கிருமி உடலில் நுழைந்ததும் இப்புரதங்கள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. கிருமியின் மேல் படிந்து, வெள்ளையணுக்களை அங்கே வரவழைத்து, கிருமியின் உறையைத் துளைக்கின்றன. எதிர்ப்பொருள்களின் பணியை நிரப்பி முழுமையாக்குவதால் இவற்றுக்கு இப்பெயர் ஏற்பட்டது.

இம்மண்டலம் மூன்று வழிகளில் தூண்டப்படலாம். மூன்றும் சி3 என்னும் புரதத்தில் வந்து சேர்கின்றன. அவற்றுள் ஒரு வழி, கிருமி இல்லாதபோதும் சிறிதளவு இயங்கிக்கொண்டே இருக்கும். அது நமது சொந்தச் செல்களைத் தாக்காதவாறு ‘ஃபேக்டர் எச்’ போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் தடுத்து வருகின்றன.

சிறுநீரகம் ஏன் பாதிக்கப்படுகிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. இரத்தத்தில் மிதந்து வரும் எதிர்ப்பொருள் கூட்டுகள் இவ்வடிகட்டிகளில் எளிதில் தங்கிவிடுகின்றன. அங்கே நிரப்புப் புரதங்கள் தூண்டப்படும்போது, கிருமியை அழிக்க வேண்டிய ஆற்றல் வடிகட்டியையே சிதைக்கிறது. அதன் விளைவாக இரத்தமும் புரதமும் சிறுநீரில் கசிகின்றன; இரத்த அழுத்தம் உயர்கிறது; உடல் வீங்குகிறது.

‘குறைவு’ என்பதன் பொருள்

பல ஆய்வகங்களில் சி3-இன் இயல்பு அளவு ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 90 முதல் 180 மில்லிகிராம் வரையும், சி4-இன் இயல்பு அளவு 10 முதல் 40 மில்லிகிராம் வரையும் குறிக்கப்படுகின்றன. உங்கள் அறிக்கையில் அச்சிடப்பட்டுள்ள இயல்பு அளவையே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சிறுநீரக நோயில் சி3 குறைவதற்குப் பெரும்பாலும் உணவுக் குறைபாடு காரணமன்று. புரதம் வேகமாகச் செலவாகிவருகிறது என்பதே அதன் பொருள். சி3-க்கும் வைட்டமின் சி-க்கும் தொடர்பில்லை. இவ்வளவை உயர்த்துவதற்கெனச் சத்து மாத்திரைகளோ சிறப்பு உணவோ தேவையில்லை.

* சி3 குறைவு, சி4 இயல்பு: தொற்றுக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சியில் பெரும்பாலும் இந்நிலை காணப்படும். அரிதான சி3 குளோமருலோபதி நோயிலும் இவ்வாறே இருக்கலாம்.
* இரண்டும் குறைவு: லூப்பஸ் நோயில் இது பரவலாகக் காணப்படும். ஹெபடைடிஸ் சி தொற்றைச் சார்ந்த சில பாதிப்புகளிலும் காணப்படலாம்.
* இரண்டும் இயல்பு: ஐஜிஏ நெஃப்ரோபதியில் பெரும்பாலும் இவ்வாறே இருக்கும். ஆயினும் அந்நோயிலும் சிறுநீரகத்துக்குள் நிரப்புப் புரதங்கள் செயல்படுகின்றன. எனவே இயல்பான முடிவு மட்டுமே நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

இரண்டாம் பரிசோதனை ஏன் இன்றியமையாதது?

தொண்டை அழற்சி ஏற்பட்ட ஒன்று அல்லது இரண்டு வாரங்களிலோ, சிரங்குப் புண் ஏற்பட்டு மூன்று முதல் ஆறு வாரங்களிலோ சில குழந்தைகளுக்குச் சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும், முகம் வீங்கும். இவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களில் நலமடைகின்றனர். குறைந்திருந்த சி3 வழக்கமாக 6 முதல் 8 வாரங்களில் இயல்புக்குத் திரும்புகிறது.

வீக்கம் வடிந்து குழந்தை பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதும், மறு பரிசோதனைக்கு வருவதைப் பல குடும்பங்கள் நிறுத்திவிடுகின்றன. ஆனால் முதல் பரிசோதனையில் தொற்றுக்குப் பிந்தைய அழற்சியும் சி3 குளோமருலோபதியும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். முன்னது தானாகத் தணிவது. பின்னது பல ஆண்டுகளில் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. இவற்றைப் பிரித்தறியும் எளிய வழி, 8 முதல் 12 வாரங்களுக்குள் சி3 பரிசோதனையை மீண்டும் செய்வதேயாகும்.

12 வாரங்களுக்குப் பின்னும் சி3 குறைவாகவே இருந்தாலோ, புரதக் கசிவு நீடித்தாலோ, சிறுநீரகத் திசுவைச் சிறிதளவு எடுத்து ஆராயும் பயாப்சி தேவைப்படலாம். சி3 இயல்புக்குத் திரும்பிய பின்னும் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் இரத்த அணுக்கள் சில மாதங்கள் சிறுநீரில் காணப்படலாம். வேறு குறைகள் இல்லாதவரை அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

தாமதிக்கக் கூடாத ஒரு நிலை

ஃபேக்டர் எச் சரிவர இயங்காதபோது இரத்த நாளங்களின் உட்சுவர் சேதமுற்று, நுண்ணிய இரத்தக் கட்டிகள் உருவாகலாம். இரத்தச் சோகை, தட்டணுக் குறைவு, சிறுநீர் குறைதல் ஆகிய மூன்றும் சேர்ந்து தோன்றும். இது இயல்பு மாறிய ஹீமோலிட்டிக் யுரீமிக் நோய்த்தொகுப்பு எனப்படும். ஃபேக்டர் எச்-க்கு எதிராக உடலே எதிர்ப்பொருளை உருவாக்குவது இந்தியக் குழந்தைகளில் இந்நோய்க்கு ஒரு முக்கியக் காரணமாகும். பிளாஸ்மா மாற்று சிகிச்சையையும் நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளையும் விரைவில் தொடங்கினால் சிறுநீரகத்தைக் காக்கும் வாய்ப்பு கூடுகிறது.

சிகிச்சை

சிகிச்சை நோயின் காரணத்தைப் பொறுத்தது. உப்பைக் குறைத்தல், இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துதல், புரதக் கசிவைக் குறைக்கும் மாத்திரைகள் ஆகியவை பலருக்கும் அடிப்படையாகும். லூப்பஸ் போன்ற நோய்களில் ஸ்டீராய்டும் பிற மருந்துகளும் தேவைப்படும். நிரப்பு மண்டலத்தையே தடுக்கும் எக்குலிசுமாப் மருந்து 2011-இல் அமெரிக்காவில் மேற்கூறிய நோய்த்தொகுப்புக்கு ஒப்புதல் பெற்றது. இப்டகோபான் மாத்திரை அங்கு 2025-இல் சி3 குளோமருலோபதிக்கு ஒப்புதல் பெற்றது. இவை விலை மிகுந்தவை; எல்லோருக்கும் தேவைப்படுபவையும் அல்ல. இம்மருந்துகளைப் பெறுவோருக்கு மெனிங்கோகாக்கல் தடுப்பூசி அவசியம். தடுப்பூசி போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* முதல் அறிக்கையைப் பத்திரப்படுத்தி, மறு பரிசோதனை நாளைச் சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதி வாங்குங்கள்.
* சிரங்கு, தொண்டை வலி ஆகியவற்றுக்கு உடனே சிகிச்சை பெறுங்கள்.
* மருத்துவர் ஆலோசனையின்றி வலி நிவாரணிகளை உட்கொள்ளாதீர்கள்.
* ஸ்டீராய்டு மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

சிறுநீர் வெகுவாகக் குறைதல், மூச்சுத் திணறல், கடும் தலைவலி, வலிப்பு, பார்வை மங்குதல், வெளிறிய தோற்றத்துடன் மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். 108 அவசர ஊர்தியை அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பழைய அறிக்கைகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.