தேரி மணலும் மரக்கன்றும்

மாணவ மாணவியரே, கொற்கை என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது முத்து. நான் இன்று அக்கரையின் மரங்களைப் பற்றிக் கூற விரும்புகிறேன்.

சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடியபோது புன்னை, ஞாழல், தாழை, கண்டல் எனப் பல மரங்களைச் சேர்த்தே பாடினர். உப்புக் காற்றைத் தாங்க ஒன்று, மணலைப் பிடிக்க ஒன்று, கழிச் சேற்றில் ஊன்ற ஒன்று என அவை கலந்து நின்றன. திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரியில் தென்மேற்குக் காற்று செம்மணலை வாரி விளைநிலங்களை மூடியபோது, அதைத் தடுத்து நின்றவை பனையும் உடையும் ஆகும்.

பின்னர் வேறொரு வழி வந்தது. 1877 ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பைப் பகுதியில், விறகுப் பஞ்சம் தீர்க்கச் சீமைக் கருவேல விதை தூவப்பட்டது. விறகும் கரியும் கிடைத்தன என்பது உண்மையே. ஆயினும் அம்மரம் தென்மாவட்டங்களிலும் பரவி, பிற மரஞ்செடிகளை நெருக்கிற்று. அதை அகற்றுவதற்கென 2022 இல் தமிழ்நாடு அரசு கொள்கை வகுக்க நேர்ந்தது.

பிறரை மட்டும் குறை கூறேன். வன மகோத்சவம் 1950 முதல் சூலைத் திங்களில் கொண்டாடப்படுகிறது. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, அவ்விழாவுக்கென ஒரே இனக் கன்றுகளைத் தொலைவிலிருந்து வண்டி நிறைய வரவழைத்தேன். நம் கரையில் ஆடி மாதம் காற்றுக் காலம், மழையோ ஐப்பசியில்தான். புரட்டாசிக்குள் கன்றுகள் கருகின. "ஐயா, வேலியோரப் பூவரசு மட்டும் ஏன் வாடவில்லை?" என்று ஒரு மாணவன் கேட்டான். விடை கூற நாணினேன்.

மறு ஆண்டு அவனையும் தோழர்களையும் அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். செழித்து நின்ற பல தாய்மரங்களிலிருந்து விதை சேர்த்தோம். வேப்பம் விதையின் முளைப்புத் திறன் விரைவில் குன்றுமாதலால் உடனே விதைத்தோம். புன்னைக் கொட்டையின் ஓட்டை உடைத்து இட்டோம். பூவரசுக்குப் போத்து வெட்டினோம். பனை ஆழ வேரூன்றுவது. பெயர்த்து நட்டால் பிழைப்பது அரிது. எனவே அதன் கொட்டையை இருக்கவேண்டிய இடத்திலேயே புதைத்தோம். விலைக்கு வாங்கியவற்றில், பைக்குள் வேர் சுருண்ட கன்றுகளை ஒதுக்கினோம். ஐப்பசி முதல் மழையில் கலந்து நட்டோம். அவற்றுள் பல இன்று நிழல் தருகின்றன.

2021 இல் அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகள் வழங்க அறிவித்தது. வழங்குவது அரசின் கடமை. மண்ணறிந்து தேர்வது நம் கடமை. முத்தைச் சல்லடையிட்டுத் தரம் பிரித்த முன்னோரின் வழிவந்த நீங்கள், கன்றையும் அவ்வாறே ஆராய்ந்து எடுப்பீர்களாக.