உஸ்மானியர் மண்ணில் கிளாரினெட்

கிளாரினெட் இசையை விரும்பிக் கேட்போர் மொட்சார்ட்டின் படைப்புகளையும் பென்னி குட்மனின் ஜாஸ் இசைத்தட்டுகளையுமே முதலில் குறிப்பிடுவர். அவ்வரிசையில் இஸ்தான்புல்லின் பெயர் இடம்பெறுவது அரிது. அதற்கும் ஓர் இடம் உண்டு என்பது நமது கருத்து. இசை கேட்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேற்றுமைக்குள் நாம் இங்கு புகவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா’வில் தனிப் பகுதியே ஒதுக்கி ஆராய்ந்த பொருள் அது. இங்கு நாம் பேசுவது வரலாறு மட்டுமே.

நாகசுரத்தின் சீவாளி இரட்டை நாக்கு உடையது. கிளாரினெட்டில் அதிர்வது ஒற்றை நாணல் தகடு. இவ்வகைக் குழல்கள் கிழக்குக்குப் புதியவையல்ல. அரபு நாடுகளின் மிஜ்விஸும் அர்கூலும் இவ்வினத்தவை. பழைய எகிப்தின் கல்லறைச் சிற்பங்களிலும் இவற்றின் முன்னோடிகளைக் காணலாம். ஆயினும் இன்று நாம் அறியும் கிளாரினெட், 1700ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் யோஹான் கிறிஸ்தோப் டென்னர் என்னும் கைவினைஞரால் உருப்பெற்றது.

அதே நூற்றாண்டில் உஸ்மானியரின் படை இசையான மேஹ்தர், ஐரோப்பிய அரசவைகளைக் கவர்ந்திருந்தது. பெருமுரசும் ‘ஸில்’ எனப்படும் வெண்கலப் பெருந்தாளமும் அங்கிருந்தே ஐரோப்பிய இசைக்குழுக்களுக்குச் சென்றன. 1782இல் வியன்னாவில் அரங்கேறிய, துருக்கிய அந்தப்புரத்தைக் களமாகக் கொண்ட மொட்சார்ட்டின் இசை நாடகத்தில் இவ்விரண்டும் கிளாரினெட்டுடன் சேர்ந்தே ஒலித்தன. பின்னர் தம் நண்பர் அன்டோன் ஷ்டாட்லருக்காக அவர் 1789இல் ஐந்து கருவிகளுக்கான ஒரு படைப்பையும், இறப்பதற்குச் சில வாரங்களே இருந்த 1791இல் கிளாரினெட்டுக்கென ஒரு கன்செர்ட்டோவையும் எழுதினார். மனிதக் குரலுக்கு இத்துணை நெருக்கமாக அக்கருவியை வேறெவரும் கொண்டுவந்ததில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

1826 ஜூன் மாதம் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் யெனிச்சேரிப் படையை ஒழித்தார். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்படையோடு பிணைந்திருந்த மேஹ்தரும் கலைக்கப்பட்டது. வாய்வழியாகவே கற்பிக்கப்பட்டு வந்த இசை அது. 17ஆம் நூற்றாண்டில் அலீ உஃப்கீ போன்றோர் எழுதிவைத்த சுரக்குறிப்புகளில் அதன் சிறு பகுதியே எஞ்சியது. 1914இலும் 1952இலும் மீட்டமைக்கப்பட்ட மேஹ்தர் குழுக்கள் வாசிக்கும் மெட்டுகளில் பல 20ஆம் நூற்றாண்டில் இயற்றப்பட்டவை. சீர்திருத்தத்தின் பயன்களைப் போற்றும் வரலாற்றாசிரியர்கள் இந்த இழப்பை ஒரு வரியில் கடந்துவிடுவது நியாயமன்று.

1828இல் இத்தாலியரான கியூசெப்பே டோனிசெட்டி புதிய அரண்மனை இசைக்குழுவை அமைக்க வரவழைக்கப்பட்டார். புகழ்பெற்ற இசைநாடக ஆசிரியர் கயெத்தானோவின் அண்ணன் இவர். ஐரோப்பியப் படை இசையோடு கிளாரினெட்டும் இஸ்தான்புல்லில் வேரூன்றியது. ஆனால் அது அரண்மனையோடு நின்றுவிடவில்லை. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் ‘ஃபஸில்’ குழுக்களிலும், ரோமா இசைக்கலைஞர்களின் கைகளில் திருமண வீடுகளிலும் அது புகுந்தது.

துருக்கிய இசையின் மகாம்கள், ஒரு முழுச்சுரத்தை ஒன்பது ‘கோமா’க்களாகப் பகுத்து நோக்குபவை. ஐரோப்பியக் கருவியோ அரைச்சுரத்தோடு நின்றுவிடும். துருக்கியக் கலைஞர்கள் கருவியை மாற்றிக் கட்டாமலேயே இடைவெளியை நிரப்பினர். உதட்டின் பிடியைத் தளர்த்தியும், விரலால் துளையைப் பாதி மூடியும் நுண்சுரங்களை வரவழைத்தனர். ஐரோப்பாவில் வழக்கொழிந்துகொண்டிருந்த நீண்ட ‘சோல்’ கிளாரினெட்டையே தமக்கு உகந்ததாகத் தேர்ந்தனர். அதன் கனத்த தாழ்ந்த குரல் மகாமுக்குப் பொருந்தியது.

அமெரிக்காவிலும் இதையொத்த ஒன்று நிகழ்ந்தது. 1924இல் கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் ப்ளூ’ அரங்கேறியபோது, தனித்தனிச் சுரங்களாக எழுதப்பட்டிருந்த தொடக்கத்தை ராஸ் கோர்மன் ஒரே வழுக்கலாக வாசித்தார், அதுவே நிலைத்தது. 1938 ஜனவரி 16 அன்று கார்னெகி மண்டபத்தில் ஜாஸ் வாசித்த பென்னி குட்மன், அதே ஆண்டு புடாபெஸ்ட் குழுவினருடன் மொட்சார்ட்டின் ஐங்கருவிப் படைப்பையும் இசைத்தட்டில் பதிவுசெய்தார். அன்று அவருக்குப் பின்னால் முரசு வாசித்த ஜீன் க்ரூபா பயன்படுத்தி வந்தவை ஸில்ஜியான் தாளங்கள். 1623 முதல் இஸ்தான்புல்லில் தாளம் வார்த்து, 1929இல் அமெரிக்காவிலும் தொழில் தொடங்கிய ஆர்மீனியக் குடும்பத்தின் பெயர் அது. அதன் முற்பகுதி மேஹ்தரின் ‘ஸில்’லே.

துருக்கியக் குடியரசு 1934இல் மரபிசையை வானொலியிலிருந்து விலக்கியது; ஏறத்தாழ இருபது மாதங்கள் அத்தடை நீடித்தது. மேற்கத்திய இசையைக் கேட்டு மக்கள் மனம் மாறுவர் என்று ஆட்சியாளர் எண்ணினர். பலரோ எகிப்திய வானொலியை நாடினர். மேற்கிலிருந்து வந்த கிளாரினெட்டோ அதற்குள் மரபிசையின் பக்கம் சேர்ந்துவிட்டிருந்தது. எத்ரெமித்தில் 1907இல் பிறந்த ஷுக்ரு துனார் 1962இல் மறையும்வரை அதில் மகாம் வாசித்தார். பாடகர் ஸெக்கி முரேன் 1951இல் தமது முதல் இசைத்தட்டுக்குப் பாடியது துனார் இயற்றிய பாடலையே.